மூன்றில் நல்லதை எழுது

கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, வலது பாதத்தை இடது முழங்காலில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். ஆறாம் வகுப்பு. காற்றில் அவளுடைய நீலப் பாவாடை படபடக்கிறது, ரிப்பன் பறக்கிறது, அவள் மட்டும் ஆடவில்லை. என் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றி நின்ற பிள்ளைகள் சத்தம் போடாமல் உதட்டாலேயே எண்ணுகிறார்கள். நாற்பத்தொன்றாவது விநாடியில் அவள் கண்ணைத் திறந்து, "போதுமா டீச்சர்? எனக்குச் சிரிப்பு வருது" என்றாள். கால் தவறி விழவில்லை, சிரிப்பு வந்ததால் இறக்கிவிட்டாள். அது 2004 ஜூலை மாதம். மரக்காணத்தை ஒட்டி, உப்பளங்களின் ஓரத்தில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளி. நான் அங்கே உடற்கல்வி ஆசிரியை.

மைதானம் என்பது பேருக்குத்தான். நெருஞ்சியும் உடைந்த கிளிஞ்சலும் கிடக்கும் பொட்டல் அது. மழை பெய்தால் குட்டை, வெயில் அடித்தால் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். திண்டிவனத்திலிருந்து காலை பஸ்ஸில் பெருமுக்கல் வழியாக வந்து இறங்கும்போதே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிடும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று என் மாமியார் சொல்வார், பொய்யில்லை. பாடம் முடிக்காத டீச்சர்கள் எல்லோரும் என் பீரியடைத்தான் பிடுங்குவார்கள். "விளையாட்டுதானே டீச்சர்" என்பார்கள். அந்த 'தானே' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு வெறியே ஊறிப்போயிருந்தது. என் வேலையும் ஒரு வேலைதான் என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்ற வெறி.

அந்த நேரத்தில்தான் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளின் உடல் திறனை அளந்து நோட்டில் பதிய வேண்டும் என்றார்கள். கற்களைச் சுற்றி வளைந்து ஓடுவது, நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, சுவரில் பந்தை அடித்துப் பிடிப்பது, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது. "மூன்று வாய்ப்பு கொடுங்கள், மூன்றில் நல்லதை எழுதுங்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். முதல் தடவை பிள்ளைக்குக் கூச்சம் இருக்கும், இன்னொரு தடவை கவனம் சிதறும், அவனால் எவ்வளவு முடியும் என்பதை நல்ல எண்தான் சொல்லும் என்று விளக்கினார். எனக்கு நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அந்த விதியில் தப்பு இருப்பதாகச் சொல்ல மாட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

அவளை நாங்கள் எல்லோரும் லீடர் என்றுதான் கூப்பிடுவோம், வகுப்பு லீடர். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் "அட்டேன்ஷன்!" என்று ஒரு குரல் விட்டால் ரோட்டில் போகிறவன்கூடச் சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பான். ஒற்றைக் காலில் நிற்கத் தெரியாமல் துள்ளும் பையன்களிடம், "ஏன்டா ஆடுற, நண்டா கடிக்குது?" என்பாள். அவளுடைய அம்மா உப்பளத்தில் உப்பு சுமக்கிறவர், அப்பா சென்னையில் கட்டட வேலை. பள்ளி இல்லாத நாட்களில் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே வரப்பில் அரை மைல் நடந்து போவாள். அந்த வரப்பு ஒரு பாதம் அகலம்தான். கால் தவறிப் பாத்தியில் வைத்துவிட்டால் உப்பில் சேறு ஏறிவிடும், உப்பு நிறம் கெட்டுப்போகும், மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுவார். அதனால் அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கால் தவறாமல் இருக்கப் பழகிவிடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வரும் உப்பளத்துப் பிள்ளைகள் இந்த ஒரு சோதனையில் மட்டும் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டதற்குக் காரணம் அதுதான். லீடர் மற்ற பெண்களுக்கு யோசனைகூடச் சொல்வாள். "கீழ பாத்தின்னு நெனச்சுக்கோங்கடி. கால வெச்சீங்க, மேஸ்திரி தோலை உரிச்சிடுவாரு."

நவம்பரில் பள்ளியைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். நான் லீடரை நிறுத்திக் காட்டினேன். அவர் என் ஸ்டாப்வாட்சை நம்பாமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு விநாடி. "எங்கேருந்தும்மா பிடிச்சீங்க இந்தப் பொண்ண?" என்று கேட்டார், ஏதோ நான் செய்து வைத்த பொம்மை போல. அடுத்த கூட்டத்தில் எங்கள் பள்ளியைச் சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பத்து வருட வேலையில் அதற்கு முன் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறி, வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதம் கடல் ஊருக்குள் வந்தது, சுனாமி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லீடர் கழிவெளி ஏரி ஓரத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். தண்ணீர் ஏறி வருவதைப் பார்த்து ஓடி வந்துவிட்டாள். அவர்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அனுமந்தைப் பக்கத்து மீனவர் குடும்பங்கள் எங்கள் வகுப்பறைகளில் வந்து தங்கின. பள்ளி மறுபடி திறந்தபோது பாதிப் பிள்ளைகள் திடீர் திடீரென்று அழுதார்கள், சிலர் படுக்கையை நனைத்தார்கள். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு எது வந்தாலும் பேர் ஒன்றுதான், அலை பயம். காய்ச்சலா, அலை பயம். சோறு இறங்கவில்லையா, அலை பயம். மாரியம்மன் கோயிலில் வேப்பிலை அடித்தார்கள், மாதா கோயிலில் எண்ணெய் தடவினார்கள், தர்காவில் கயிறு கட்டினார்கள். லீடருக்கு மூன்றுமே நடந்தன, தர்காக் கயிறு மணிக்கட்டிலேயே இருந்தது.

மார்ச்சில் மறுபடி சோதனை வைத்தேன். லீடர் நின்றாள். ஒன்பது விநாடி. கூட்டத்தில் ஒரு பையன் சிரித்தான், நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். இரண்டாவது தடவை பன்னிரண்டு. மூன்றாவது ஏழு. என் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. மற்ற பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அவளை மட்டும் இன்னும் நாலு தடவை நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து காலை ஊன்றினாள். பயம்தான், போகப் போகச் சரியாகிவிடும், நடுவில் இந்தக் கோணல் எண் எதற்கு என்று நினைத்தேன். இந்த நோட்டைக் கூட்டத்தில் விரித்துக் காட்ட வேண்டும் என்பதையும் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். நாற்பது என்று எழுதினேன்.

கோடை விடுமுறை முடிந்து ஏழாம் வகுப்புக்கு வந்தவள் இளைத்திருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாள். "என்னடி, ஒய்யாரமா?" என்று நான் கிண்டல் செய்தேன். காலையில் தலைவலி, சாப்பிட்டதும் வாந்தி. "பித்தம் டீச்சர்" என்பாள், பெரிய மனுஷி மாதிரி. ஜூலைச் சோதனையில் நாலு விநாடிகூட நிற்க முடியவில்லை அவளால். "டீச்சர், தரை சாயுது" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தரை எங்கேயும் சாயல. நீதான் ஒழுங்கா நிக்கல. போன வருஷம் ஆபீசர் முன்னாடி நின்ன கால்தானே இது? இப்ப என்ன நடிப்பு?" என்று கத்தினேன். காதைப் பிடித்துத் திருகினேன். சாய்ந்திருந்த தலையின் அந்தக் காதை. இதை எழுதும்போது என் கையை எங்காவது சுவரில் மோத வேண்டும் போல் இருக்கிறது.

பிறகு நோட்டில் ஓர் எண்ணை எழுதி, அதைத் திருப்பி அவளிடம் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"நாப்பத்தி நாலா டீச்சர்?"

"ஆமா. உன்னால முடியும்ல?"

அவள் அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள். "முடியும் டீச்சர்" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார் போலிருக்கிறது, கணுக்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உள்ளே வரச் சொன்னாலும் வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"டீச்சர், பாப்பா பாத்தியில கால வெச்சிட்டா."

"அதுக்கென்னம்மா? சின்னப் பொண்ணுதானே."

"மேஸ்திரி கத்துனாருன்னு சொல்ல வரல டீச்சர். நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து வரப்புல நடக்கிறவ. ஒரு தடவகூட வெச்சதில்ல. இந்தச் சனிக்கெழம நாலு எடத்துல வெச்சிருக்கா. நான் போயி தடத்தப் பாத்தேன். நாலும் எடது பக்கம். எனக்கு என்னமோ பயமா இருக்குது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து வந்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வரிசையாக விரலை வைத்துக் காட்டினேன். "இங்க பாருங்கம்மா. போன வருஷம் ஜூலையில நாப்பத்தொண்ணு. நவம்பர்ல அம்பத்திரண்டு. மார்ச்சுல நாப்பது. இப்ப நாப்பத்தி நாலு. கண்ண மூடிக்கிட்டு இவ மாதிரி நிக்கிற பொண்ணு இந்தப் பக்கத்துலயே கெடையாது. வயசுக்கு வர்ற நேரம், கவனம் அப்படி இப்படித்தான் இருக்கும்." பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட அப்போது எனக்கு இல்லை. எழுதிய எண்ணை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். உப்பில் பதிந்த நாலு தடத்தைக் குனிந்து பார்த்து, எந்தப் பக்கம் என்று கவனித்து, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார் ஒரு தாய். அவர் அளந்ததுதான் அளவு. பயிற்சி எடுத்து, ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, நான் அதைப் பொய்யாக்கினேன்.

"அப்ப காலு நல்லாதான் இருக்குதா டீச்சர்?" என்று கேட்டார்.

"நல்லாதான் இருக்குது."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் கடைசியில், மழை விட்ட ஒரு காலை, பிரேயரில் "அட்டேன்ஷன்!" என்று குரல் கொடுத்தவள் குரல் முடிவதற்குள் கீழே விழுந்தாள். எழ முடியவில்லை. வேன் பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம், அம்மாவும் நானும். பெரிய ஆஸ்பத்திரி. அவளைச் சோதித்த டாக்டர் சின்னப் பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். காலையும் கையையும் ஆட்டச் சொல்லி, விரலால் மூக்கைத் தொடச் சொல்லிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "எத்தனை மாசமா தடுமாறுறா?" என்று கேட்டார்.

"இப்பதாங்க. நடுவுல எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஆனா ஜூலையில ஸ்கூல்ல டெஸ்ட்டு வெச்சு எழுதி வெச்சிருக்காங்க, நல்லாதான் நின்னிருக்கா. இதோ டீச்சரே வந்திருக்காங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியா மேடம்? ஜூலை வரைக்கும் பேலன்ஸ் நல்லா இருந்துச்சா?"

உண்மையைச் சொல்ல எனக்கு அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஒரு வாக்கியம் போதும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றேன்.

தலைக்குப் பின்பக்கம், உடம்பை நிமிர்த்தி நிறுத்தும் பகுதியில் கட்டி. ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படித்தவள் என்ற நினைப்பில் சொன்னார். "இது இவ்ளோ பெருசாக ரொம்ப நாள் ஆயிருக்கணுமே மேடம். அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்தா பண்றதுக்கு நெறைய இருந்துச்சு." நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன், மழையில் நனைந்துகொண்டு. குடை கையிலேயே இருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து, தலையை மழித்துக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அம்மா டீ வாங்கப் போயிருந்தார். லீடருக்குப் பேச்சு குழறியது. "டீச்சர், படுத்துக்கிட்டே நின்னு காட்டட்டுமா?" என்றாள். நான் என்னவென்று புரிந்துகொள்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். வலது பாதத்தை மெல்ல மெல்ல இழுத்து இடது முழங்காலில் வைத்தாள். நடுவில் இரண்டு தடவை நழுவியது, மறுபடி வைத்தாள். "எண்ணுங்க டீச்சர்" என்றாள். வாட்ச் இல்லை, வாயாலேயே எண்ணினேன். எண்பதைத் தாண்டியதும் தூங்கிப்போனாள். கால் அப்படியே இருந்தது. அதை எடுத்து நேராக வைத்துப் போர்த்திவிட்டு, அம்மா வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

2006 பொங்கல் கழித்து அடுத்த வாரம் அவள் போய்விட்டாள். உப்பளங்களில் புதுப் பருவத்துக்குப் பாத்தித் தரையை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், பள்ளியில் ஒரு நிமிடம் மௌனம் என்று எல்லோரையும் நிற்க வைத்தேன். அடுத்த ஜூனில் உள்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு எந்தப் பிள்ளைக்கும் மூன்று எண்ணையும் எழுதினேன், நல்லதும் கெட்டதும். ஒரு பிள்ளை ஒற்றைக் காலில் கொஞ்சம் தடுமாறினாலும் அடுத்த நாளே பெற்றவர்களை வரச் சொல்லி உயிரை எடுப்பேன். "பைத்தியம் பிடிச்ச டீச்சர்" என்று பேர் வாங்கினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என் கணவருக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற நாளில் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டபோது, கைதட்டல் சத்தம் முடிவதற்குள் கீழே இறங்கிவிட்டேன். இனி தாங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன மாதம் மரக்காணம் போனேன். அந்த அம்மா இன்னும் உப்பளத்தில்தான் இருக்கிறார். முடி நரைத்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம், ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர்" என்றார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. நான் உட்காரவில்லை. வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த நோட்டுல பாப்பாவுக்கு நான் எழுதினது..."

"தெரியும் டீச்சர்."

எனக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரியில அவளே சொல்லிட்டா. 'நான் விழுந்துட்டேம்மா, டீச்சர்தான் எனக்காகக் கூடப் போட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாத, நீயும் கேக்காத, டீச்சருக்கு வேலை போயிடும்'னா. எந் தலையில கைய வெச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா."

பக்கத்தில் இருந்த தூக்குவாளியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திருப்பித் திருப்பி அழுத்தினார்.

"கேக்கக் கூடாதுன்னுதானே சத்தியம். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன், ரெண்டு வருஷம் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்லம்மா."

"அன்னைக்கு அந்த நோட்ட மட்டும் காட்டாம இருந்திருந்தீங்கன்னா, எம் புள்ளைய அன்னைக்கே தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேன் டீச்சர். நான் தடத்தப் பாத்தேனே. எங் கண்ணால பாத்துட்டுதானே உங்ககிட்ட வந்தேன்."

மேஸ்திரி தூரத்தில் கை தட்டிக் கூப்பிட்டார். அந்த அம்மா சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். நான் அந்தக் கொட்டகையில் நின்று வாய்விட்டு அழுதேன். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அழாதீங்க டீச்சர் என்று சொல்லவில்லை.